‘தானாக’ என்றால் என்ன? திரைமுகப்பு தோன்றுமுன் கணினி கேட்கும் கேள்விகள்

மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியலில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தை நடத்தும்போது, லினக்ஸ் வகை இயக்க அமைப்புகள் கணினியில் உள்ள வன்பொருள்களைத் தானாகவே கண்டறிந்துகொள்ளும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். மாணவர்களும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ‘தானாக’ என்ற சொல் நமக்கு வசதியானது. ஆனால் அதைச் சொன்னவுடன், “எப்படி?” என்று கேட்க வேண்டிய பிள்ளையும் அமைதியாகிவிடுகிறது.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று தோன்றலாம். ஆய்வகத்தில் ஒரு கணினியின் திரையில் படம் பெரிது பெரிதாக, மங்கலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘தானாக’ என்று மட்டும் கற்ற மாணவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. கணினியின் மேல் ‘பழுது’ என்று ஒரு தாள் ஒட்டப்படும். அது மூலைக்குப் போகும். திரைக்கும் கணினிக்கும் இடையே ஒரு கேள்வி பதில் நடக்கிறது என்று அறிந்த மாணவரோ, பதில் எங்கே நின்றுபோனது என்று தேடத் தொடங்குவார். பல நேரங்களில் அது ஒரு கம்பி மட்டுமே. அந்தத் தேடலைக் கற்பிக்க, இரண்டு பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு பாடத்தை இங்கே தருகிறேன்.

கற்றல் விளைவுகள்

1. வன்பொருள் தன்னை எண்களால் அடையாளம் காட்டும் முறையை மாணவர் விளக்குவார்.
2. இருநிலை எண் முறையைப் பயன்படுத்தி ஒரு திரையின் அடையாளத் தகவலைப் படித்துக் காட்டுவார்.
3. திரை சரியாக அமையாதபோது காரணத்தைப் படிப்படியாகத் தேடுவார்.
4. எதைக் கணினி கண்டறிய முடியும், எதை நாம்தான் சொல்ல வேண்டும் என்று வேறுபடுத்துவார்.

முன்பு நிலைமை எப்படி இருந்தது?

யுனிக்ஸ் குடும்பத்தின் வரைகலைத் திரைமுகப்புக்கு அடித்தளமாக நெடுங்காலம் இருந்துவருவது எக்ஸ் விண்டோ சிஸ்டம். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் 1984ஆம் ஆண்டு ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் இதைத் தொடங்கினர். இதன் பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளியானது. இன்றும் ‘எக்ஸ்11’ என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

அன்று யுனிக்ஸ் ஓடிய பணிநிலையக் கணினிகளில் கணினி, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே நிறுவனமே சேர்த்து விற்றது. எந்தக் கணினியுடன் எந்தத் திரை வரும் என்று முன்பே தெரியும். அதனால் கண்டறிய வேண்டிய தேவை அதிகம் இல்லை. 1990களில் எக்ஸ்ஃபிரீ86 என்ற திட்டத்தின் வழியே இந்த மென்பொருள் சாதாரண பிசிக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பிசி என்பது உதிரிகளைச் சேர்த்து உருவாக்குவது. வரைகலை அட்டை ஒரு நிறுவனத்தினுடையது, திரை வேறொன்றினுடையது, மவுஸ் கடைத்தெருவில் வாங்கியது. எது எதனுடன் சேரும் என்று மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாது.

ஆகவே பயனரே எல்லாவற்றையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது: அட்டையில் என்ன சிப் உள்ளது, மவுஸ் எந்த வகை, திரை நொடிக்கு எத்தனை கிடைவரிகளை வரையும், எத்தனை முறை முழுப் படத்தையும் புதுப்பிக்கும் என்றெல்லாம்.

இதில் உள்ள கணக்கை மாணவர்கள் கரும்பலகையில் செய்து பார்க்கலாம். 1024 × 768 பிரிதிறனில், நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் 768 வரிகளுடன், கதிர் கீழிருந்து மேலே திரும்புவதற்கான நேரத்தையும் சேர்த்து 806 வரிகள் என்று தரநிலை கணக்கிடுகிறது. 806 × 60 = 48,360. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 48.4 ஆயிரம் வரிகள். இதேபோல் ஒரு வரிக்கு 1024 புள்ளிகளுக்குப் பதிலாக 1344 புள்ளிகளுக்கான நேரம் ஒதுக்கப்படுகிறது. 1344 × 806 × 60 என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 6 கோடியே 50 லட்சம் புள்ளிகள். 65 மெகாஹெர்ட்ஸ் என்று அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட எண் இதுதான்.

நொடிக்கு 35 ஆயிரம் வரிகளுக்கு மேல் தாங்காத பழைய குழாய்த் திரைக்கு 48 ஆயிரம் என்று எழுதிக்கொடுத்தால் படம் வராது. சில திரைகள் பழுதாகிவிடும் வாய்ப்பும் உண்டு என்று எக்ஸ்ஃபிரீ86 ஆவணங்களே எச்சரித்தன. எனவே திரையுடன் வந்த கையேட்டைத் தொலைத்தவர் திண்டாட வேண்டியிருந்தது.

தட்டிப் பார்ப்பதும் பெயர் கேட்பதும்

கணினியே கண்டுபிடிக்கட்டும் என்று அன்றும் முயன்றார்கள். எக்ஸ்ஃபிரீ86 உடன் சூப்பர்புரோப் என்ற சிறு நிரல் வந்தது. அன்றைய ஐஎஸ்ஏ வகை அட்டைகளில் “நீ யார்?” என்று கேட்பதற்குத் தொடக்கத்தில் பொதுவான வழி எதுவும் இல்லை. அதனால் அந்த நிரல் ஒவ்வொரு சிப்புக்கும் உரிய முகவரியில் ஏதேனும் எழுதிப் பார்த்து, எதிர்வினையைக் கொண்டு ஊகித்தது. பூட்டிய வகுப்பறைகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, உள்ளிருந்து வரும் சத்தத்தைக் கொண்டு எந்த வகுப்பு என்று சொல்வதைப் போன்றது இது. தவறான கதவைத் தட்டினால் கணினி உறைந்து நின்றுவிடும். சேமிக்காத வேலை போய்விடும்.

மாற்றம் வன்பொருளின் பக்கத்திலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் வந்த பிசிஐ இணைப்பு முறையில், ஒவ்வொரு அட்டையும் தன்னைப் பற்றிய சில எண்களைக் குறிப்பிட்ட இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவற்றில் மூன்று முக்கியமானவை: தயாரிப்பாளர் எண், கருவி எண், வகை எண். வகை எண் 3 என்றால் அது திரைக்குப் படம் அனுப்பும் கருவி. இன்டெல் நிறுவனத்தின் தயாரிப்பாளர் எண் 8086. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே என்பதைச் சொன்னால் மாணவர்கள் ரசிப்பார்கள். இன்று ஏஎம்டியின் வரைகலை அட்டைகள் காட்டும் எண் 1002.

நம் பள்ளிகளுக்கு நன்கு பழகிய ஒப்புமை ஒன்று உண்டு. மாணவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும், எமிஸ் எண்ணைச் சொன்னால் விவரங்களை எடுத்துவிடுகிறோம். முகத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை. ஒரே ஒரு வேறுபாடு: எமிஸ் எண் ஒரு மாணவருக்கு மட்டும் உரியது. கருவி எண்ணோ அந்த மாதிரியில் தயாரான எல்லா அட்டைகளுக்கும் பொது. இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்குமாறு வினா எழுப்புவது நல்லது.

யுஎஸ்பி கருவிகளும் இப்படித்தான். செருகியவுடன் கணினி கேட்க, கருவி தன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்கிறது. பொதுவாக விசைப்பலகையும் மவுஸும் ‘மனிதர் கையாளும் கருவி’ என்ற 3ஆம் வகையைச் சேர்ந்தவை. அந்த வகைக்குள், எளிய அடிப்படை முறையில் இயங்கக்கூடிய விசைப்பலகை 1 என்றும் மவுஸ் 2 என்றும் அறிவித்துக்கொள்கின்றன. பெயர் தெரியாத நிறுவனத்தின் மவுஸ்கூடச் செருகியவுடன் வேலை செய்வதற்கு இத்தகைய பொது வகைப்பாடே காரணம். இரண்டு பட்டியல்களிலும் ‘3’ என்பது வெவ்வேறு பொருள் தருவதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுக.

திரையின் சான்றிதழ்

திரைக்கு ‘இடிஐடி’ என்ற அடையாளத் தகவல் உண்டு. வெசா என்ற தரநிலை அமைப்பு 1994இல் இதை அறிமுகப்படுத்தியது. திரைக்குள் இருக்கும் ஒரு சிறு நினைவகத்தில் 128 பைட் அளவில் இது எழுதப்பட்டிருக்கும். புதிய திரைகளில் கூடுதல் பக்கங்களும் இருக்கலாம். படம் செல்லும் அதே கேபிளில் உள்ள தனிக் கம்பிகள் வழியே வரைகலை அட்டை இதைப் படித்துக்கொள்கிறது. விஜிஏ கேபிளில் 12, 15 ஆகிய முனைகள் இதற்கானவை.

ஆய்வகத்தில் உபுண்டு அல்லது பாஸ் லினக்ஸ் இருந்தால் உண்மையான தகவலையே காட்டலாம். ‘சிஸ்’ அடைவுக்குள் ‘கிளாஸ்’, அதற்குள் ‘டிஆர்எம்’ என்று சென்றால் ஒவ்வொரு திரை இணைப்புக்கும் ஓர் அடைவு இருக்கும். அதில் ‘இடிஐடி’ என்ற கோப்பு உள்ளது. ‘ஓடி’ கட்டளையில் ‘-டி’ விருப்பத்துக்கு ‘யு1’ என்று கொடுத்து அதைத் திறந்தால், வரிசைக்கு 16 எண்களாகப் பதின்ம எண்கள் தோன்றும். இடது ஓரத்தில் தனியே நிற்பவை இடத்தைக் குறிக்கும் எண்கள், அவற்றை விட்டுவிடலாம்.

செயல்பாடு 1: சான்றிதழைப் படிப்போம்

வகுப்புக்காக அமைத்த ஒரு மாதிரி இது. தேவையான எண்கள் மட்டும் தரப்பட்டுள்ளன.

முதல் வரிசைத் தொடக்கம்: 0, 255, 255, 255, 255, 255, 255, 0, 16, 172
இரண்டாம் வரிசைத் தொடக்கம்: 20, 26, 1, 3, 128, 48, 27

முதல் எட்டு எண்கள் எல்லாத் திரைகளிலும் ஒன்றே. “இங்கிருந்து சான்றிதழ் தொடங்குகிறது” என்பதற்கான அடையாளம் அது.

அடுத்த இரண்டு எண்கள் தயாரிப்பாளர் பெயர். 16, 172 ஆகியவற்றை எட்டு இலக்க இருநிலை எண்களாக மாற்றச் சொல்லுங்கள்: 00010000, 10101100. இரண்டையும் சேர்த்து எழுதி, முதல் பூச்சியத்தை நீக்கிவிட்டு, ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 00100, 00101, 01100. பதின்ம எண்ணில் 4, 5, 12. ஆங்கில அகரவரிசையில் நான்காவது எழுத்து டி, ஐந்தாவது இ, பன்னிரண்டாவது எல். டெல் நிறுவனத்தின் திரை! எண் முறைகள் பாடத்தில் மாற்றிப் பழகியது இங்கே ஒரு பெயரை எழுதிக் காட்டுகிறது. “இதையெல்லாம் எதற்குப் படிக்கிறோம்?” என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை.

இரண்டாம் வரிசையில் 20 என்பது தயாரான வாரம். 26 உடன் 1990ஐக் கூட்டினால் 2016, அதாவது தயாரான ஆண்டு. 1, 3 என்பவை சான்றிதழின் பதிப்பு எண்கள். ஆறாவதும் ஏழாவதும் திரையின் அகலம், உயரம்: 48 செ.மீ., 27 செ.மீ. பிதாகரசு தேற்றத்தின்படி மூலைவிட்டம் சுமார் 55 செ.மீ. அதை 2.54ஆல் வகுத்தால் 21.7 அங்குலம் கிடைக்கும். இந்தத் திரையில் 1920 புள்ளிகள் கிடையாக இருந்தால் ஒரு செ.மீ.க்கு 40 புள்ளிகள். எழுத்து எந்த அளவில் தெரிந்தால் படிக்க வசதி என்று முடிவுசெய்ய இக்கணக்கு உதவும்.

கடைசி எண், அதாவது 128ஆவது, சரிபார்ப்பு எண். எல்லா எண்களையும் கூட்டினால் 256இன் மடங்காக வருமாறு அது அமைக்கப்பட்டிருக்கும். கேபிளில் இடையூறு ஏற்பட்டு ஓர் எண் மாறினாலும் கூட்டல் பொய்த்துவிடும். வகுப்பில் சிறிய அளவில் செய்யலாம்: 0, 255, 255, 0, 16, 172, 20, 26 ஆகியவற்றின் கூடுதல் 744. 256இன் அடுத்த மடங்கு 768. எனவே ஒன்பதாவதாக 24 வர வேண்டும். ஒரு குழு ஓர் எண்ணை மட்டும் மாற்றி எழுதிக்கொடுக்க, மற்றொரு குழு தகவல் பழுதா இல்லையா என்று சொல்லட்டும்.

இன்று நடப்பது என்ன?

கணினியை இயக்கியதிலிருந்து திரைமுகப்பு தோன்றும் வரை நடப்பதை ஐந்து படிகளாகக் கரும்பலகையில் எழுதலாம்.

1. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், இணைப்பு முனைகளை வரிசையாகப் பார்த்து ஒவ்வொரு கருவியின் எண்களையும் படிக்கிறது.
2. ஒவ்வோர் இயக்கி மென்பொருளும் தான் எந்தெந்த எண்களுக்கு உரியது என்ற பட்டியலைக் கொண்டிருக்கிறது. எண் பொருந்தினால் ‘யுடெவ்’ என்ற பணி அந்த இயக்கியை அழைத்துவருகிறது.
3. வரைகலை இயக்கி, திரையிடமிருந்து சான்றிதழை வாங்குகிறது.
4. திரை விரும்பும் பிரிதிறன் எதுவென்று அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அது தேர்ந்தெடுக்கப்படுகிறது.
5. விசைப்பலகை, மவுஸ் பற்றிய செய்தி திரைமுகப்புக்குத் தெரிவிக்கப்படுகிறது. பிறகு புதிதாக ஒன்றைச் செருகினாலும் அப்போதே தெரிவிக்கப்படுகிறது.

இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னாப்பர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட க்னாப்பிக்ஸ், குறுந்தகட்டிலிருந்தே இயங்கி, தானே வன்பொருளை அறிந்து திரைமுகப்பைக் காட்டியது. எக்ஸ்ஃபிரீ86 திட்டத்திலிருந்து 2004இல் கிளைத்த எக்ஸ்.ஆர்க், அமைப்புக் கோப்பு இல்லாமலேயே தொடங்கும் நிலையைப் படிப்படியாக எட்டியது. 2009இல் திரையின் பிரிதிறனை அமைக்கும் வேலை கெர்னலுக்குள்ளேயே வரத் தொடங்கியது. இன்று உபுண்டு இயல்பாகப் பயன்படுத்தும் வேலண்ட் முறையிலும் முதல் மூன்று படிகள் இவையே.

பதில் வராதபோது

வகுப்பறைப் புரொஜெக்டரை நீளமான விஜிஏ கேபிளில் இணைக்கிறோம். கணினித்திரையில் தெளிவாக இருந்த படம், அங்கே 1024 × 768 அளவில் இழுத்துவைத்தாற்போல் தெரிகிறது. புரொஜெக்டரிலோ கணினியிலோ பழுதில்லை. கேபிளில் படம் செல்லும் கம்பிகள் நன்றாக உள்ளன. 12, 15 முனைகளுக்கான கம்பிகள் அறுந்திருக்கலாம், அல்லது மலிவான கேபிளில் அவை இல்லாமலே இருக்கலாம். இடையில் வைக்கும் பிரிப்பான் பெட்டி சான்றிதழைக் கடத்தாமலும் இருக்கலாம். பதில் கிடைக்காத கணினி, எல்லாத் திரையும் தாங்கக்கூடிய ஓர் எளிய அளவைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. இது அதன் எச்சரிக்கை உணர்வு. குழாய்த் திரை பழுதான காலத்திலிருந்து வந்த பாடம் அது.

செயல்பாடு 2: எங்கே நின்றது?

மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கீழ்க்கண்ட வரிசையில் தேடச் சொல்லுங்கள்.

• ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையில் வரைகலைக் கருவி பட்டியலில் உள்ளதா? இல்லையெனில் அட்டை சரியாகப் பொருந்தவில்லை, அல்லது பழுது.
• உள்ளது என்றால், அதற்குரிய இயக்கி ஏற்றப்பட்டுள்ளதா? அதே கட்டளையுடன் ‘-கே’ விருப்பத்தைச் சேர்த்தால் தெரியும்.
• இயக்கியும் உள்ளது என்றால், ‘இடிஐடி’ கோப்பில் எண்கள் உள்ளனவா, வெறுமையாக உள்ளதா? வெறுமை என்றால் வேறு கேபிளை மாற்றிப் பார்க்கவும்.
• கேபிளை மாற்றியதும் சரியானால், பழுது எதில் இருந்தது என்று ஒரு வரியில் எழுதவும்.

எக்ஸ்11 முறையில் இயங்கும் கணினியில் ‘எக்ஸ்ராண்டர்’ கட்டளையையும் காட்டலாம். பிரிதிறன் பட்டியலில் + குறி திரை விரும்புவதையும், * குறி இப்போது உள்ளதையும் காட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது. எக்ஸ்.ஆர்க் எழுதும் பதிவேட்டுக் கோப்பும் நல்ல கற்றல் வளம். அதில் (--) என்றால் கருவியிடம் கேட்டு அறிந்தது; (**) என்றால் அமைப்புக் கோப்பில் நாம் எழுதியது; (==) என்றால் இரண்டும் இல்லாததால் தானே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு தகவலையும் யார் சொன்னது என்று குறித்துவைக்கும் இந்தப் பழக்கம் நம் மாணவர்களின் செய்முறைப் பதிவேட்டிலும் வரலாம்.

கருவியால் சொல்ல முடியாதவை

இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இது. விசைப்பலகை, தான் விசைப்பலகை என்று சொல்லும். எந்த விசை அழுத்தப்பட்டது என்று எண்ணால் சொல்லும். அந்த விசையிலிருந்து ‘அ’ வர வேண்டுமா, ஆங்கில எழுத்து வர வேண்டுமா என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யப்போகிறோமா என்பதை நாம்தான் அமைப்பில் சொல்ல வேண்டும். விசையின் மேல் தமிழ் எழுத்தை ஒட்டிவைத்தாலும் கணினிக்கு அது தெரியப்போவதில்லை. நிறுவும்போது உபுண்டு விசைப்பலகை அமைப்பைக் கேட்பது இதனால்தான்.

இரண்டு திரைகளை இணைத்தால் இரண்டும் தத்தம் அளவைச் சொல்லும். எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று எந்தத் திரையாலும் சொல்ல முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு எழுத்துப் பெரிதாக வேண்டும் என்பதும் எந்தச் சான்றிதழிலும் இல்லை. திரை தன் நீள அகலத்தைச் சொல்லும். அதன் முன்னால் அமர்ந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. கணினி அளவைத் தானாகச் சரியாக அமைத்த பிறகும், கடைசி மேசையில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்காக எழுத்தைப் பெரிதாக்குவது ஆசிரியரின் வேலையே.

மதிப்பீட்டு வினாக்கள்

1. தயாரிப்பாளர் எண், கருவி எண், வகை எண் ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. ஒரு திரையின் சான்றிதழில் ஆண்டுக்குரிய எண் 31. அது தயாரான ஆண்டு எது?
3. பழைய ஐஎஸ்ஏ அட்டைகளைத் தேடும்போது கணினி உறைந்துபோகக் காரணம் என்ன?
4. கேபிளை மாற்றியவுடன் புரொஜெக்டரின் பிரிதிறன் சரியானது. கணினிக்குப் புதிதாக என்ன கிடைத்தது?
5. ஒரு கணினியை முழுமையாக அமைக்க, கருவிகள் சொல்ல முடியாத மூன்று செய்திகளை எழுதுக. அவற்றை யார் சொல்ல வேண்டும்?

ஐந்தாவது வினாவுக்கு வரும் விடைகளை வகுப்பில் வாசிக்கச் செய்யுங்கள். நாம் எதிர்பாராத நல்ல விடைகள் வரும். பாடம் முடிந்ததும், ஆய்வகத்தில் ‘பழுது’ என்று ஒதுக்கப்பட்ட கணினி ஏதேனும் இருந்தால் ஒரு குழுவிடம் கொடுத்து, இரண்டாம் செயல்பாட்டின் வரிசையில் தேடச் சொல்லலாம். மின் இணைப்பு சார்ந்த வேலை எதுவானாலும் ஆசிரியர் உடனிருக்க வேண்டும். கேபிளை மாற்றுமுன் கணினியையும் திரையையும் நிறுத்திவிட வேண்டும்.